நாலரை மணி ரிக்கார்டு

வீட்டு ரேடியோவில் பாட்டு பிடிக்காவிட்டால் குமிழைத் திருகி அணைத்துவிடலாம். ஊர் ரேடியோவுக்கு ஒரே குமிழ்தான், அதுவும் ஆபரேட்டர் கையில் இருக்கும், ஆகவே ஊர் முழுக்க அவனுக்கு விரோதி. கல்யாண வீட்டில் மைக் செட் போட்டவர்கள், திருவிழாவில் ஆம்ப்ளிஃபையர் பக்கத்தில் உட்கார்ந்து திட்டு வாங்கியவர்கள், தேர்தல் ஜீப்பில் கத்திக்கொண்டே போனவர்கள் எல்லாரும் இதை உடனே ஒப்புக்கொள்வீர்கள். மற்றவர்கள் போகப் போக ஒப்புக்கொள்வீர்கள்.

எழுபதுகளில் நான் புதுச்சேரி கிராமப்புறத்தில் ஒரு கொம்யூன் பஞ்சாயத்துக்கு ரேடியோ ஆபரேட்டர். வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் ஏதோ ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயரைச் சொல்ல மாட்டேன். என்மேல் மனுப் போட்டவர்கள் இன்னும் திடகாத்திரமாக இருக்கிறார்கள். இன்னொரு மனு எழுத அவர்களுக்குக் காகிதம்தான் பாக்கி. ஏரிக்கரை ஓரம் ஒரு பார்க். பார்க் என்றால் நாலு சிமெண்ட் பெஞ்சும் ஒரு கொடிக்கம்பமும். நடுவில் எட்டுக்கு எட்டில் ரேடியோ ரூம். அதன் மொட்டை மாடியில் நாலு திசைக்கும் நாலு குழாய் ஸ்பீக்கர். காலையில் செய்தி, சாயங்காலம் செய்தி, விவசாய நிகழ்ச்சி, கொஞ்சம் கச்சேரி. ஸ்டேஷன் எதைக் கொடுக்கிறதோ அதை ஊருக்கு விடுவது என் வேலை. அதோடு நின்றிருந்தால் நானும் நிம்மதியாக இருந்திருப்பேன், ஊரும் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஃபாரத்தில் கேட்காத கேள்வி

சாயங்கால டியூட்டி எனக்கு நாலரைக்கு ஆரம்பம். ஸ்டேஷன் ஆரம்பிப்பது அஞ்சு மணிக்கு. இந்த அரை மணி இடைவெளியை எந்த மகான் ஏற்படுத்தினார் என்று தெரியாது. நான் ரூமைத் திறந்து, தூசி தட்டி, மிச்ச நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். "கவர்மெண்டு சம்பளம் வாங்கினு உக்காந்துகீறான் பாரு" என்று டீக்கடையில் பேச்சு கிளம்பியது. பேச்சு நடந்து நடந்து பஞ்சாயத்துக் கமிஷனர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது.

கமிஷனர் கெட்டவர் இல்லை. அவருக்கு உலகத்தில் ஒரே எதிரி, ஃபாரத்தில் காலியாக இருக்கும் கட்டம். எங்கள் தினசரிப் பதிவேட்டில் 4.30 – 5.00 என்ற கட்டம் இரண்டு வருஷமாகக் காலியாக இருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். முகம் வெளுத்துப் போனது. சினிமா ரிக்கார்டு வாங்கலாமே என்றேன். மேலிடத்துக்கு எழுதினார். 'பிளேயர் இருந்தால்தான் ரிக்கார்டு அனுமதிக்கப்படும், ரிக்கார்டு இருந்தால்தான் பிளேயர் அனுமதிக்கப்படும்' என்று பதில் வந்தது. அதைப் பத்திரமாக ஃபைலில் கட்டிவிட்டு என்னைக் கூப்பிட்டார். "லூர்து, அந்த அரை மணிக்கு ஏதாச்சும் ஒரு சத்தம் வரணும்யா. இன்னா சத்தம்னு ஃபாரத்துல கேக்கல."

மதாம் பெட்டி

பிளேயர் தவளக்குப்பம் முக்கிலிருந்து வந்தது. அங்கே ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த ஜமால் பாய், யாரோ விட்டுவிட்டுப் போன ஒன்றைத் தூக்கிக் கொடுத்தார். "சுத்துது. அதுக்கு மேல எதுவும் கேக்காத" என்றார். ரிக்கார்டுக்கு எங்கே போவது? எங்கள் தெருக்கோடியில் மதாம் லெயோனி என்று ஒரு விதவை இருந்தார். பெயர்தான் பிரெஞ்சு, மீன் குழம்பு வைத்தால் மூன்று தெருவுக்கு மணக்கும். அவர் வீட்டுக்காரர் சொல்தா, அதாவது பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். துப்பாக்கி பிடித்ததைவிட கிளாரினெட் பிடித்ததுதான் அதிகம். பாண்டு கோஷ்டியோடு கப்பல் கப்பலாகப் போய், இறங்கிய துறைமுகத்தில் எல்லாம் கையில் கிடைத்த ரிக்கார்டை வாங்கி வந்திருந்தார். மார்சேய், அல்ஜீர், டாக்கார், சைகோன். எல்லாம் ஒரு டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதன் மேல் அரிசி மூட்டை.

நான் தயங்கித் தயங்கிக் கேட்டேன். மதாம் மூட்டையை நகர்த்தினார், அதுவும் தனியாக. பெட்டியைத் திறந்து பார்த்தேன். நூறுக்குமேல் இருக்கும். ஒரு சினிமாப் பாட்டு கிடையாது, ஒரு தமிழ் எழுத்து கிடையாது. "அவர் நினைவா நீங்களே வெச்சிக்கணும்னு தோணலையா மதாம்?" என்று மரியாதைக்குக் கேட்டேன். மதாம் பெட்டியைக் காலால் என் பக்கம் தள்ளினார். "அந்த மனுசன் உசுரோட இருந்தப்போ இருபது வருசம் நான் ஒருத்தியே கேட்டேன். இனிமே ஊரே கேக்கட்டும்."

பெயர் வைத்த கதை

ரிக்கார்டைப் போட்டால் போதுமா, பெயர் சொல்ல வேண்டாமா? பாதி லேபிளில் பிரெஞ்சு. எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் தெரியாது. மீதி லேபிளில் புழு ஊர்வதுபோல ஏதோ எழுத்து. ஆகவே நானே பெயர் வைத்தேன். அக்கார்டியன் என்கிற மடிப்புப் பெட்டி வாசிக்கும் ரிக்கார்டுக்கு 'மூச்சு வாங்கும் பெட்டி'. ஆப்பிரிக்காக்காரர்கள் மேளம் அடிப்பதற்கு 'பத்துப் பேர் மேளம்'. மெல்லிய குரலில் ஒரு பெண் இழுத்து இழுத்துப் பாடுவதற்கு 'அழுகிற அம்மா'. "நேயர்களே, அடுத்து வருவது அழுகிற அம்மா" என்று மைக்கில் சொல்வேன். பதினைந்தே நாளில் ஊர் முழுக்க இந்தப் பெயர்கள் பரவிவிட்டன. தபால்காரர் ஒரு நாள் ஜன்னலில் எட்டிப் பார்த்துச் சொன்னார்: "ரேடியோக்காரரே, பாட்டைவிட நீங்க பேர் சொல்றது நல்லா இருக்குது. பேரோட நிறுத்திக்கிட்டா இன்னா?"

டீக்கடையில் பக்தி

அல்ஜீரில் வாங்கிய ரிக்கார்டு ஒன்று. ஒரு அரபுப் பெண்மணி உருகி உருகிப் பாடுவார். அதை முதன்முதலாகப் போட்ட அன்று டீக்கடையில் இரண்டு பங்காளிகள் வரப்புத் தகராறில் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பாட்டு ஆரம்பித்ததும் டீக்கடைக்காரர், "டேய், பாய்மாருங்க சாமி பாட்டுடா, மரியாத குடு" என்றார். இரண்டு பேரும் சட்டையை விட்டார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றினார். கையில் இருந்த டீ ஆறியது. ஆறு நிமிஷம் கடையில் பாட்டைத் தவிர வேறு சத்தம் இல்லை.

இது தினமும் நடந்தது. அந்த ரிக்கார்டு சுற்றும் வரை கடையில் சீட்டு இல்லை, வசவு இல்லை, வட்டிக் கணக்கு இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை ஜமால் பாய் ஆம்ப்ளிஃபையரைப் பார்க்க சைக்கிளில் வந்தார். பார்க் வாசல் டீக்கடையில் எல்லாரும் கைகட்டி நிற்பதைப் பார்த்துவிட்டு, ரூமுக்குள் வந்து கதவைச் சாத்திக்கொண்டார். சிரிப்பில் தோள் குலுங்கியது. "ஏன்டா, பின்னாடி பிடிலும் தப்லாவும் போட்டுத் தாக்குது, காதுல வுழலையா? இது ஓதுறது இல்லடா. எவனோ ஒருத்தன் வரேன்னு சொல்லிட்டு வரல, அதுக்குப் பாடுது" என்றார். நான் பதறிப்போய் ஊசியை எடுக்கப் போனேன். பாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எடுக்காத. எங்க தெருவுல ஓதும்போதுகூட இவனுங்க இவ்ளோ அமைதியா இருந்து நான் பாத்ததில்ல."

செல்வி எங்கே?

பெட்டியில் ஒரு பெரிய ரிக்கார்டின் உறையில் மீசை வைத்த குண்டு மனிதர் ஒருவர் படம் இருந்தது. போட்டால் கிளி கொஞ்சுவதுபோல ஒரு சின்னப் பெண் குரல். மீசைக்காரர் மியூசிக் டைரக்டராக இருக்க வேண்டும் என்று முடிவு செய்து, பாடகிக்குப் 'பாரீஸ் செல்வி' என்று பெயர் வைத்தேன். ஊர் மயங்கியது. மற்ற ரிக்கார்டுகளைத் திட்டியவர்கள்கூட செல்விக்காக வந்தார்கள். ரேடியோ ரூமுக்கு எதிரில் தையல் கடை வைத்திருந்த முருகேசன் அந்தப் பாட்டின்போது மிஷினை நிறுத்திவிடுவான். முப்பது வயதாகியும் பெண் அமையாதவன். செல்வி போட்டோ கிடைக்குமா என்று மூன்று தடவை கேட்டான். மீசைக்காரர் படத்தைக் காட்ட எனக்கு மனசு வரவில்லை.

ஆறு மாசம் கழித்து ஜமால் பாய் பிளேயரைக் கழற்றினார். வேகம் மாற்றுகிற நெம்புகோல் உள்ளே துருப்பிடித்து, ஓடிக்கொண்டிருந்தது சின்ன ரிக்கார்டுக்கு உண்டான வேகம். எண்ணெய் போட்டுச் சரி செய்தார். மறுநாள் நாலரைக்கு வழக்கம்போல, "இப்போது பாரீஸ் செல்வி" என்று அறிவித்துவிட்டு ரிக்கார்டைப் போட்டேன். நாலு ஸ்பீக்கரிலும் ஒரு கனத்த ஆண்குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எழுந்தது. மீசைக்காரர்தான் பாடகர். முருகேசன் கத்திரிக்கோலோடு சாலையைத் தாண்டி ஓடி வந்தான். கண் கலங்கியிருந்தது. "யோவ், அந்தப் பொண்ண இன்னாய்யா பண்ணீங்க?"

நிலையான சங்கீதம்

ஒரு நாள் ரிக்கார்டில் கீறல். ஊசி ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டு 'தும் தக தும்' என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தது. நான் கமிஷனர் ஆபீசில் கையெழுத்துப் போடப் போயிருந்தேன். திரும்பி வரப் பன்னிரண்டு நிமிஷம். வெட்கத்தோடு ஓடி வந்து எடுத்தேன். பெஞ்சில் இருந்த ரிட்டயர்டு வாத்தியார் கையைத் தட்டினார். "தம்பி, இத்தனை நாள்ல இன்னிக்குத்தான் பாட்டு கண்டபடி அலையாம ஒரு எடத்துல நின்னுச்சி."

மேளமும் நடவும்

பார்க்குக்குப் பின்னால் ஆறு காணி நஞ்சை. சொந்தக்காரரை 'முதலாளி' என்றே சொல்கிறேன், அப்படித்தான் கூப்பிட வைத்தார். நடவுப் பெண்களை நாலு மணிக்குக் கரை ஏற்ற வேண்டும் என்று பேச்சு; அஞ்சு வரை ஏற்ற மாட்டார். ஒரு நாள் நான் 'பத்துப் பேர் மேளம்' போட்டேன். குனிந்திருந்த பெண்களின் கை தானாக மேளத்தோடு சேர்ந்துகொண்டது. அரை மணியில் ஒரு மணி வேலை. முதலாளி வரப்பில் குடையோடு நின்று பார்த்தார். அன்று முதல் எனக்கு இளநீர் வர ஆரம்பித்தது. "தம்பி, நடவு முடியற வரைக்கும் அந்த மோளத்தையே போடேன். ஜனங்க ரசிக்கிறாங்க" என்றார். எனக்கும் ஒரு ரசிகர் கிடைத்த சந்தோஷம். நாலு நாள் விடாமல் மேளம்.

அஞ்சாம் நாள் நடவுக் கோஷ்டிக்குத் தலைவியான அஞ்சலை, முழங்கால் வரை சேற்றோடு ரேடியோ ரூமுக்குள் வந்தாள். பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மேஜையில் இருந்த இளநீரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கு அப்போதுதான் உறைத்தது. நான் எதையாவது சொல்லத் தொடங்குவதற்குள் அவளே சொன்னாள்: "இதப் பாரு தம்பி, கூலி ஏறட்டும், உன் மோளத்தைப் போடு. அதுவரைக்கும் அந்த மூச்சு வாங்குற பொட்டியவே போடு, நாங்களும் மூச்சு வாங்கிக்கிறோம்."

அழுகிற அம்மா

பழைய மேர் காலமானார். பிரெஞ்சுக்காரன் காலத்தில் மேராக, அதாவது ஊர்த் தலைவராக இருந்தவர், பெரிய மனுஷர். மூன்று நாள் துக்கம். ஸ்டேஷன் பாட்டெல்லாம் நிறுத்து, சோகமாக எதையாவது போடு என்று கமிஷனர் சொன்னார். என்னிடம் சோகத்துக்கு என்ன குறை? சைகோன் ரிக்கார்டு, 'அழுகிற அம்மா'. மூன்று நாளும் காலை, மாலை அதுதான். சவ ஊர்வலம் பார்க்கைத் தாண்டியபோது சரியாக அந்தப் பெண்மணி குரலை உயர்த்தினார். ஊரே விம்மியது. மேர் மேல் வழக்குப் போட்டிருந்தவர்கள்கூடத் துண்டால் கண்ணைத் துடைத்தார்கள். மேரின் மூத்த மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்பாவுக்கென்றே பாடின மாதிரி இருக்கிறது என்றார். பதினொரு வருஷ வேலையில் எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது.

நாலாம் நாள் சைகோன் அம்மா வந்தார். அவரும் ஒரு சொல்தா சம்சாரம்தான், ஆனால் வியட்நாம்காரர். கல்யாணம் பண்ணிக் கப்பலில் கூட்டி வந்து இருபது வருஷம் ஆகியிருந்தது. அவர் பெயர் யாருக்கும் வாயில் நுழையாததால் சைகோன் அம்மா. பேசினால் எங்கள் ஊர்த் தமிழ்தான், அதிலும் குழாயடித் தமிழ். ஆனால் அன்று ரூமுக்குள் வந்து கதவைப் பாதி சாத்தினார். பிறகு, "ஸ்பீக்கருக்குப் போவாம, இங்க மட்டும் கேக்குற மாதிரி போட முடியுமா?" என்றார். ஒயரைக் கழற்றிவிட்டு ரிக்கார்டைப் போட்டேன். பிளேயரின் சின்ன முனகலில் அந்தக் குரல் வந்தது. அவர் குனிந்து, பிளேயருக்குக் காது கொடுத்து, கூடவே பாடினார். அதே இழுப்போடு, ஒரு சொல் தப்பாமல். பாடிக்கொண்டிருக்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நான் என்ன செய்வதென்று தெரியாமல் பூட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். இருபது வருஷத்தில் அவர் பாஷையை அவர் காதால் கேட்டது இந்த ரிக்கார்டில்தான் என்றார். அதைப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் கேட்டதும் இல்லை. நானும் கேட்டதில்லை, இத்தனைக்கும் அவர் வீடு எங்கள் எதிர் வீட்டுக்கு அடுத்த வீடு.

"ரொம்ப துக்கமான பாட்டா அம்மா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "துக்கமா? பொண்டாட்டி வாத்து வாங்கினு வாடான்னு அனுப்புனா, குடிச்சிட்டுப் போயி கொக்கு புடிச்சினு வந்த புருசன் கதைடா இது. மூணு நாளா சாவு வூட்ல முந்தானையைக் கடிச்சினு உக்காந்திருந்தேன், பாவி!"

ஒற்றுமை

எங்கள் ஊரில் இரண்டு நடிகர்களுக்கு இரண்டு ரசிகர் மன்றம். ஒரே கிணற்றில் தண்ணீர் எடுக்க மாட்டார்கள், ஒரே கடையில் முடி வெட்டிக்கொள்ள மாட்டார்கள். அவர்கள் வாழ்நாளில் ஒரே ஒரு காகிதத்தில் சேர்ந்து கையெழுத்துப் போட்டார்கள். அது என்மேல் போட்ட மனு. 'ஆபரேட்டர் லூர்துசாமி தினமும் அரை மணி நேரம் அந்நிய நாட்டுச் சத்தங்களை எழுப்பி மக்களை வதைக்கிறார். சினிமாப் பாட்டுப் போட வேண்டும். இல்லையேல் ஆபரேட்டரை மாற்ற வேண்டும்.' வீட்டில் இரண்டு பெண் குழந்தைகள்; இந்த வேலையை விட்டால் எனக்குத் தெரிந்தது பாட்டுக்குப் பெயர் வைப்பது மட்டும்.

கமிஷனர் பார்க்கில் விசாரணை வைத்தார். ரிக்கார்டுகளை அரை அரை நிமிஷம் போடச் சொல்லிக் கேட்டார். என்ன பாஷை என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தெரியாது என்றேன். அதை ஒரு கிளார்க் எழுதிக்கொண்டார். கடைசியில் சினிமாப் பாட்டு வேண்டும் என்கிறவர்கள் கை தூக்கச் சொன்னார். பார்க்கே கை தூக்கியது. அஞ்சலை தூக்கினாள், முருகேசன் தூக்கினான். ஜமால் பாய்கூடப் பாதிக் கை தூக்கினார், மன்றத்துக்காரர்கள் அவர் கடை வாடிக்கை என்பதால் நான் மன்னித்தேன். "இப்ப ஓடுற ரிக்கார்டே வேணும்கிறவங்க?" என்றார் கமிஷனர். ஒரே ஒரு கை உயர்ந்தது, சைகோன் அம்மா கை. அவர் வீட்டுக்காரர் பக்கத்தில் வெட்கப்பட்டுக்கொண்டு அதை இறக்கப் பார்த்தார். அந்த அம்மா இறக்கவில்லை.

தீர்ப்பு சினிமாப் பாட்டு. நான் ரிக்கார்டுகளைப் போட்டுப் பெட்டியை மூடினேன். அதைத் தோளில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். மதாம் லெயோனி பார்க் வாசலில் வழிமறித்தார். "பொட்டியத் தூக்கினு என் வூட்டுப் பக்கம் வந்துடாத. அரிசி மூட்டைக்கு நான் மரப்பலகை செஞ்சிட்டேன்."

பதினைந்துக்குப் பதினைந்து

பெட்டியை ரேடியோ ரூம் மேஜைக்கடியில் தள்ளினேன். மன்றத்துக்காரர்களே ரிக்கார்டு கொண்டு வந்தார்கள். ஒரு நடிகருக்குப் பதினைந்து நிமிஷம், மற்றவருக்குப் பதினைந்து நிமிஷம். முதல் வாரம் யார் முதலில் என்று தகராறு. நாள் மாற்றி நாள் என்று தீர்ந்தது. இரண்டாம் வாரம் ஒருவர் பாட்டு மூன்றரை நிமிஷம், மற்றவர் பாட்டு நாலு நிமிஷம் என்று கண்டுபிடித்தார்கள். இரண்டு தரப்பும் கைக்கடிகாரத்தோடு என் ஜன்னலில் நின்றது. மூன்றாம் வாரம் ஒரு தரப்பு முடிந்து மறு தரப்பு தொடங்கும் நேரத்தில் கரண்ட் போனது. நான்தான் பியூஸைப் பிடுங்கினேன் என்றது ஒரு தரப்பு. இல்லை, பிடுங்கியது அவர்களேதான் என்றது மறு தரப்பு. இருந்த நாலு சிமெண்ட் பெஞ்சில் இரண்டு உடைந்தது. கொடிக்கம்பம் சாய்ந்தது. சமாதானம் பண்ண வந்த கமிஷனரின் மூக்குக்கண்ணாடி ஏரிக்குள் போய் விழுந்தது.

மறுநாள் கமிஷனர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஒரு உத்தரவு எழுதினார். அரசாங்கக் காகிதத்தில் நான் படித்ததிலேயே நேர்மையான வாசகம் அது: 'மறு உத்தரவு வரும் வரை, பொதுமக்களில் எவருக்கும் பொருள் விளங்காத இசைத்தட்டுகளை மட்டுமே ஒலிபரப்ப வேண்டும்.' நாலரைக்கு 'மூச்சு வாங்கும் பெட்டி' போட்டேன். ஏரிக்கரை பக்கம் சைகோன் அம்மா துணி உலர்த்திக்கொண்டிருந்தார். ஒரு துணியை உதறிக் கையசைத்தார். இரண்டு மன்றத் தலைவர்களும் பிளாஸ்திரியோடு மிச்சமிருந்த பெஞ்சுகளில் ஆளுக்கொன்றில் உட்கார்ந்திருந்தார்கள். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. "பாட்டு எப்படி இருக்கு?" என்று ஒருவனைக் கேட்டேன். "ஒண்ணும் புரியலண்ணே. ஆனா அவங்க ஆளு பாட்டு இல்ல பாருங்க, அதான் இனிமையா கீது."

பதவி உயர்வு

இப்படி இன்னும் சில வருஷம் ஓடியது. எண்பதுகளின் தொடக்கத்தில் என்னை உயர்த்தினார்கள். நிஜமாகவே உயர்த்தினார்கள்: தண்ணீர் டேங்கு மேல். பம்ப் ஆபரேட்டர். ரேடியோ ரூமுக்கு ஒரு புது ஆள் வந்தார், படித்தவர். பெட்டியை ஒப்படைத்தபோது பாஷைவாரியாகப் பட்டியல் கேட்டார். என்னிடம் இருந்த பட்டியலைக் கொடுத்தேன். 'அழுகிற அம்மா' என்பதற்கு நேரே 'சாவுக்குப் போடக் கூடாது' என்று மட்டும் எழுதி வைத்திருந்தேன். அவர் அதை இரண்டு தடவை படித்துவிட்டு என் உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று விசாரித்தார்.

பம்பு வேலையில் முதல் நாள் காலை ஆறு மணிக்கு வால்வைத் திறந்தேன். குழாயில் காற்று அடைத்திருந்தது. தண்ணீருக்கு முன்னால் ஊளையும் உறுமலும் விசிலுமாக ஐந்து நிமிஷம் விதவிதமான சத்தம் வந்தது. வரிசையில் முதலில் நின்றிருந்த அஞ்சலை குடத்தைக் கீழே வைத்துவிட்டு டேங்கை அண்ணாந்து பார்த்தாள். "மேல யாரு, லூர்து தம்பியா? அதான பாத்தேன்."

இத்தனை வருஷத்தில் நான் கண்டது ஒன்றுதான்: ஜனங்களுக்குப் பிடித்த பாட்டைப் போட்டால் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டு போய்விடுவார்கள், பிடிக்காத பாட்டைப் போட்டால்தான் உங்களைத் தேடி வந்து நாலு வார்த்தை பேசுவார்கள்.